காலையில மடங்காத விரல்

முட்டிக்கு எண்ணெய் தேச்சாச்சா? அப்ப உக்காருங்க, சொல்றேன். நம்ம வயசுக்காரங்க நாலு பேர் சேர்ந்தா வேற என்ன பேசறோம்? முன்னெல்லாம் பிள்ளைங்க படிப்பைப் பேசினோம், அப்புறம் பிள்ளைங்க கல்யாணத்தைப் பேசினோம், இப்ப முட்டியைப் பேசறோம். நம்ம மலை டவுன் தானா ராத்தா கிளினிக்குல போய் உக்காந்தா, அந்தக் காலத்துல பெரட்டுக்களத்துல நின்ன அத்தனை முகத்தையும் அங்க பார்த்துடலாம். பெரட்டுன்னா தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் கூப்பிடற இடம். உங்கள்ள டவுன்ல பொறந்தவங்களுக்காகச் சொல்றேன்.

எனக்கு இருக்கறது சாயந்திர வலி. காலையில எந்திரிச்சா நான்தான் ராணி. மார்க்கெட்டுக்குப் போவேன், கியா பார்ம் காய்கறிக் கடை வரைக்கும் போய் முட்டைக்கோஸ் பேரம் பேசிட்டு வருவேன். நாலு மணிக்கு மேல யாராவது படி ஏறச் சொன்னா அழுதுடுவேன். என் கூட இருக்கற சித்திக்குக் காலை வலி. விடியறப்போ விரல் ஒண்ணுகூட மடங்காது. வெயில் ஏறினப்புறம்தான் டீ கப்பைக் கையில பிடிக்கும். அதனால காலையில அதோட சுவெட்டருக்கு நான் பட்டன் போடறேன், சாயந்திரம் என் காலுக்கு அது வெந்நீர் வெக்குது. நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒரு காலத்துல இந்த ரெண்டு வலிக்கும் வித்தியாசம் தெரியாம எங்க தோட்டமே ஒண்ணா சேர்ந்து இந்த மனுஷியை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்துச்சு.

சித்தி எங்க வீட்டுக்கு வந்தப்போ எனக்கு எட்டு வயசு இருக்கும். என்னைப் பெத்த அம்மா நான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறப்பவே போயிருச்சு. முகமே ஞாபகம் இல்ல, அதனால அந்தத் துக்கத்தை இங்க இழுக்கல. என்னை வளர்த்தது அத்தை, அப்பாவோட அக்கா. பக்கத்து வீடு. தோட்டத்து லயத்துல பக்கத்து வீடுன்னா நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் இருந்து "நூறு"ன்னு சொல்லலாம். அத்தைக்குப் புருஷன் போயாச்சு, பிள்ளை கிடையாது. வாய் மட்டும் நல்லா இருந்துச்சு. அது வாயைத் திறந்தா பைப்படியில நிக்கற பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துருவாங்க.

அந்த அத்தையேதான் கீழ ரிங்லெட் ஊர்ப் பக்கம் போய் அப்பாவுக்குப் பொண்ணு பார்த்துட்டு வந்துச்சு. போனது ஒரு சாயந்திரம். பொண்ணு காப்பி கொண்டாந்து குடுத்துச்சாம், இவங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே மடமடன்னு ஒரு முழம் பூ கட்டி முடிச்சிருச்சாம். "பொண்ணு சாந்தம் லா. கை வேகம்னா அப்படி ஒரு வேகம்"னு அத்தை லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. மாரியம்மன் கோயில்ல வெச்சுத் தாலி கட்டினாங்க. எனக்குப் பாயசம் ரெண்டு தடவை கிடைச்சுது, அதனால அன்னைக்கே சித்தியைப் பிடிச்சுப் போச்சு.

மழைக்காலம் அது. அந்தக் குளிரை இப்ப சுற்றுலாவுக்கு வர்றவங்க காசு குடுத்துப் பார்க்கறாங்க, எங்களுக்குச் சும்மாவே கிடைச்சுது. பனிமூட்டம் கதவிடுக்குல நுழைஞ்சு வீட்டுக்குள்ள நிக்கும். கவாத்து வெட்டின தேயிலைக் குச்சிதான் விறகு. ஈரக் குச்சி, லேசுல பிடிக்காது. ஊதி ஊதிக் கண்ணு செவந்துரும். அந்த ஊதுகுழல், கரி பிடிச்ச இரும்புக் கெட்டில், அடி நசுங்கின பால் டின் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அந்தப் புகை நாத்தம் மட்டும் மழை நாள்ல இன்னும் என் மூக்குல இருக்கு.

கல்யாணமான மறுநாள்லருந்து அந்த அடுப்பை ஊதினது எங்கப்பா! தேயிலை பெக்டரியில அடுப்புக்குக் கட்டை போடற மனுஷன், வீட்டுலயும் அடுப்பு முன்னால உக்காந்துட்டாரு. அவர்தான் தண்ணி காய வெப்பாரு, சோறு வடிப்பாரு, என் பள்ளிக்கூடப் பினபோர் கவுனுக்குப் பின்பக்கம் பட்டன் போடுவாரு. ஒரு ஓட்டை தள்ளிப் போட்டு விட்டுருவாரு, நான் கோணலாவே பள்ளிக்கூடம் போவேன். சித்தி கம்பளிக்குள்ள கையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கும். பெரட்டுக்குக் கடைசி ஆளா, ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டுப் போய் நிக்கும். வேலை வாங்கற கங்காணி கத்துவாரு. கத்தட்டும்னு நிக்கும்.

ஆனா மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதுவும் கொழுந்தை எடை போட்டுட்டு வீட்டுக்கு வந்துச்சுன்னா, வேற ஆளு வந்த மாதிரி இருக்கும். அதே கை, தேயிலைக் கறை பிடிச்ச கறுத்த விரல், சர்ருசர்ருன்னு சவ்சவ்காய் சீவும். நூலைப் பல்லுல கடிச்சு என் பாவாடைக் கிழிசலைத் தைக்கும். சோத்தைப் பிசைஞ்சு உருட்டி என் வாயில வைக்கும்போது அந்த விரல்ல கொழுந்து வாசம் அடிக்கும். எனக்கு அந்த வாசத்துக்காகவே இன்னொரு உருண்டை வேணும். அவ்வளவு பிரியமா ஊட்டும்.

லயத்துக்காரங்களுக்கு இந்தச் சாயந்திரம் எல்லாம் கண்ணுல படல. காலைதான் பட்டுச்சு. "புருஷனை அடுப்பூத விட்டுட்டுப் படுத்துக் கெடக்கறா மகாராணி"ன்னு பைப்படியில ஆரம்பிச்சாங்க. அத்தைக்கு அது காதுல விழுந்துச்சோ இல்லையோ, வயிறு எரிஞ்சு போச்சு. தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா இல்லையா? வாசல்ல நின்னு, "என் தம்பியை நான் ஒரு டம்ளர் கழுவ விட்டதில்லடி! நீ என்ன துரை வீட்டுப் பொம்பளையா?"ன்னு ஒரு கூச்சல். சித்தி கையைக் கம்பளிக்குள்ள இன்னும் இழுத்துக்கிச்சு. அப்பா மட்டும், "விடுக்கா, நான்தான் செய்யறேன்னேன்"னாரு. அது அத்தைக்கு இன்னும் எரிச்சலாப் போச்சு. நேரா கங்காணிகிட்ட போய் நின்னுச்சு.

கங்காணியைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. நல்ல மனுஷன். எங்களுக்கெல்லாம் காய்ச்சல்னா அவரே தூக்கிக்கிட்டு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்ட ஓடுவாரு. காலமெல்லாம் மேடு ஏறி இறங்கி அவர் முட்டி ரெண்டும் வீங்கிக் கிடக்கும். அதுல ஒரு துண்டைச் சுத்திக் கட்டியிருப்பாரு. லயத்துல ஏதாவது வழக்குன்னா கோயில் முன்னால அவரும் நாலு பெரியவங்களும் உக்காந்து பேசித் தீர்ப்பாங்க. வேலை முடிஞ்சு, குளிச்சு, சாமிக்கு விளக்கு ஏத்தினப்புறம்தான் கூடுவாங்க. காலையில யாருக்கு நேரம் இருக்கு?

அன்னைக்கும் அப்படித்தான் கூடினாங்க. நான் அப்பா கால் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

"ஏம்மா, காலையில உனக்கு என்னதான் செய்யுது?"ன்னு கங்காணி கேட்டாரு.

"ஒண்ணும் இல்லைங்க"ன்னுச்சு சித்தி.

அப்பா பொறுக்க முடியாம, "அவளுக்குக் கை வலிங்க. காலையில விரலை மடக்க முடியல"ன்னுட்டாரு. சித்தி அவரை ஒரு பார்வை பார்த்துச்சு. ஏன் சொன்னேங்கற பார்வை.

"கை வலியா? எங்க, நீட்டு பார்ப்போம்."

சித்தி நீட்டுச்சு. "மடக்கு"ன்னாரு, மடக்குச்சு. "விரி"ன்னாரு, விரிச்சுது. நாள் பூரா கொழுந்து கிள்ளின கை, நல்லாத்தான் மடங்குச்சு. கூட்டத்துல நாலு பேர் களுக்குன்னு சிரிச்சாங்க.

கங்காணி தன் முட்டியைத் தட்டிக் காட்டினாரு. "இந்தா பாரும்மா, வலின்னா என்னன்னு எனக்குத் தெரியும். காலையில எந்திரிக்கறப்போ சும்மா இருக்கும். மேடு ஏற ஏறப் பிடிக்கும். சாயந்திரம் உசுரை எடுக்கும். வேலை செய்யச் செய்யக் கூடினாத்தான் வலி. வேலை செய்யச் செய்யக் குறையற வலி எங்கம்மா விக்குது? இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு!"

கோயிலே சிரிச்சுது. அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும் முட்டி வலி இருந்துச்சு பாருங்க. மலையில வேலை செஞ்ச சனம். எல்லாருக்கும் சாயந்திரம்தான் வலிக்கும். அதனால எல்லாரும் தலையை ஆட்டினாங்க. தீபாவளி வரைக்கும் பார்ப்போம், மத்த பொம்பளைங்க மாதிரி விடிய எந்திரிச்சு அடுப்பு மூட்டி நேரத்துக்குப் பெரட்டுக்கு வரணும், இல்லேன்னா தாய் வீட்டுக்கு அனுப்பிரலாம்னு முடிவாச்சு. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "சித்தியை அனுப்பிருவாங்களாப்பா?"ன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தேன்.

போன வருஷம் கிளினிக்குல தலையில தூடோங் துணி கட்டின ஒரு சின்ன டாக்டர் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு மலாய்ல ஒரே கேள்விதான் முதல்ல கேட்டுச்சு. வலி கூடுதலா இருக்கறது காலையிலயா, சாயந்திரமான்னு. சித்தி காலைன்னுச்சு, நான் சாயந்திரம்னேன். எனக்குத் தேய்மானம், நடக்க நடக்க வலிக்குமாம். சித்திக்கு முடக்குவாதம்னு முன்னமே தெரியும், அது ஏன் காலையில வலிக்குதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதோட உடம்பே அதோட மூட்டுகளைப் பகையாளின்னு நினைச்சு வீங்க வைக்குதாம். அசையாம தூங்கினா இறுகிப் போகும், அசைக்க அசைக்கத்தான் இளகும். எனக்கு உடனே கங்காணி ஞாபகம்தான் வந்துச்சு. பொய் சொல்லல அந்த மனுஷன். தன் முட்டியை வெச்சு அடுத்தவ விரலை அளந்துட்டாரு, பாவம்.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் எங்க வீட்டுல சேவல் கூவறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆளு எந்திரிக்க ஆரம்பிச்சாச்சு. தண்ணி சத்தம் கேட்டு எனக்கு முழிப்பு வரும். கம்பளிக்குள்ள இருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பேன். அடுப்பு வெளிச்சத்துல சித்தி பலகையில உக்காந்திருக்கும். முன்னால பீங்கான் பேசின்ல வெந்நீர், அதுல ரெண்டு கையும். அப்பா ஒவ்வொரு விரலா எடுத்துப் பிசைஞ்சு விடுவாரு. சீக்கிரம் எந்திரிச்சாப் பெரட்டுக்குள்ள இளகிரும்னு அவங்க கணக்கு.

சித்தி மெலிஞ்சு போச்சு. தூக்கமே இல்லையே. ஆனா நேரத்துக்குப் போய் நின்னுச்சு. கங்காணி, "பாத்தியா, மனசு வெச்சா முடியுது"ன்னு பெருமையாச் சொன்னாராம்.

பலகைச் சுவர் சும்மா இருக்குமா? அத்தைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுருச்சு. தம்பியை இருட்டுலயே எழுப்பி வேலை வாங்கறாடா இந்தச் சிறுக்கின்னு அதுக்குக் கோபம் மூக்கு மேல வந்திருச்சு. ஒரு விடியக்காலை கையில விறகுக் கட்டையோட வந்து எங்க கதவைத் தள்ளிச்சு.

தள்ளினது தள்ளினபடி நின்னுச்சு. சித்தி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள அடைச்சிருந்துச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்கக் கூடாதுன்னு. மொளிக்கு மொளி வீங்கிச் செவந்த விரல் அப்பா கையில இருந்துச்சு. அத்தை பேசாம நின்னு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்பருந்துடி இது?"

சித்தி முந்தானையை எடுத்துட்டு, "பெரிய மனுஷி ஆனதுலருந்து, அண்ணி"ன்னுச்சு.

"உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா எவன் கட்டுவான் அண்ணி?" அப்புறம் மெதுவா, "சோம்பேறின்னா திட்டிட்டு விட்டுருவாங்க. சீக்குக்காரின்னு தெரிஞ்சா மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கன்னு அப்பவே அனுப்பிருவாங்க. அதான் சோம்பேறியாவே இருந்துட்டேன்"னுச்சு.

அப்பா எந்திரிச்சாரு. "அக்கா, முதல் நாளே எனக்குத் தெரியும். இவளை அனுப்பினா நானும் கூடவே போயிருவேன். வெளிய மட்டும் சொல்லிராதே."

அத்தை கட்டையைக் கீழ போட்டுச்சு. "நகுருடா. பிசையறானாம் பிசை, கோழி கிண்டற மாதிரி"ன்னு அப்பாவைத் தள்ளிட்டு உக்காந்து, தன் கையைப் பேசினுக்குள்ள விட்டு சித்தி விரலைப் பிடிச்சுது. பிசைஞ்சுக்கிட்டே அழுதுச்சு. அழுதுக்கிட்டே திரும்பி, "ஏய், அங்க முழிச்சுக்கிட்டுக் கெடக்கறவளே! வெளிய வாயைத் திறந்தே, மிளகாயை வெச்சுத் தேச்சிருவேன்"னுச்சு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

அன்னைக்கே பைப்படியில எல்லாரும் இருக்கும்போது அத்தை தொண்டையைத் தூக்குச்சு. "இனிமே என் தம்பி வீட்டு அடுப்பு என் அடுப்பு! அவ வெக்கற குழம்பை மனுஷன் வாயில வைப்பானா? அவளை அந்தப் பக்கமே வர விடமாட்டேன். எவளாவது கேள்வி கேட்டா கேளுங்கடி பார்ப்போம்!" கங்காணிக்குத் தலை சுத்திப் போச்சு. "ஏம்மா, அவ அடுப்பு மூட்டலேன்னு நீதானே வந்து நின்னே?"ன்னு கேட்டாரு. "ஆமா, நின்னேன். அவ மூட்டிப் பார்த்தேன், விளங்கல. விடுங்க, இது எங்க குடும்ப விஷயம்"னுட்டு அத்தை போயிருச்சு. அத்தோட அந்த வழக்கு முடிஞ்சுது. தீபாவளி வந்துச்சு, போச்சு. சித்தியை யாரும் எங்கயும் அனுப்பல.

அதுலருந்து விடியக்காலையில அத்தை வந்து அடுப்பு மூட்டும். சித்தி விரலை நீவி விட்டு, முதல் வாய் சோத்தை அதுவே ஊட்டி விடும். பட்டன் போட்டுக் கம்பளி போர்த்திப் பெரட்டுக்கு அனுப்பும். அத்தையும் கொழுந்துக்காரிதான், மலையில சித்திக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கும். வெயில் வர்றவரைக்கும் சித்தி விரல் கிள்ளாது. அத்தை, "என்னடி கூடை இது, கோழிக்கூடு மாதிரி"ன்னு ஊரே கேட்கத் திட்டிக்கிட்டு, தன் கொழுந்துல ரெண்டு பிடி எடுத்து அந்தக் கூடைக்குள்ள திணிக்கும். பார்க்கறவங்களுக்குத் திட்டு மட்டும்தான் கேட்கும்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்தத் திட்டுல அத்தைக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்துச்சு. அது பிறவிக் குணம். சில நாள் நிசமாவே திட்டும். சித்தி நிசமாவே கோவிச்சுக்கும். அப்புறம் ரெண்டும் அடுப்படியில உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடும்.

ஊர் சும்மா இருக்குமா? நாத்தனார் கொடுமைன்னா எங்க அத்தைதான்னு பேர் வந்திருச்சு. புதுசாக் கல்யாணமாகி வர்ற பொண்ணுங்களுக்கு அத்தையைக் காட்டிப் பயமுறுத்துவாங்க. நான் வேலைக்குப் போனப்புறம் சித்தியை ஈப்போ டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். வியாதிக்குப் பேர் தெரிஞ்சுது, மருந்தும் கிடைச்சுது. ஆனா அதுக்குள்ள விரல் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. கோணின விரலை ஊர் பார்த்துச்சு. "பச்சைத் தண்ணியில விடிய விடிய வேலை வாங்கி அந்தக் கையை முடக்கிப் போட்டாளே பாவி"ன்னு அதையும் அத்தை தலையிலேயே வெச்சாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இப்பத்தான் சொல்லலாமே அத்தை"ன்னு கேட்டேன். "இப்பச் சொன்னா, சீக்குக்காரியை மறைச்சுக் கொடுத்தாங்கன்னு அவ அப்பன் ஆத்தாளை இழுப்பாங்க. செத்துப் போனவங்களை ஏன்டி இழுக்கணும்? என் பேரு ஏற்கெனவே கெட்டதுதானே, இருந்துட்டுப் போவுது"ன்னுச்சு. சித்தி எத்தனையோ தடவை சொல்றேன்னு கிளம்பியிருக்கு. "சொல்லு, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு அத்தை ஒரே போடு போட்டு உக்கார வெச்சிரும்.

அப்பா போயி சில வருஷத்துல அத்தையும் போச்சு. தூக்கத்துலயே, நோகாம. மழை நாள், சீக்கிரம் எடுக்கணும்னு விடிஞ்சதும் சடங்கை ஆரம்பிச்சுட்டாங்க. பழைய லயத்துச் சனம் பூரா வந்திருந்துச்சு. எதிர்வீட்டுல இருந்த கிழவி சித்தி பக்கத்துல வந்து உக்காந்து, தோளைத் தடவி, ஆறுதல்னு நினைச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு: "கொஞ்சமாவா படுத்தினா உன்னை? உன் கையை முடக்கின மகராசி போயிட்டா லா. இனியாவது நிம்மதியா இரு, தாயி."

சித்தி எந்திரிச்சுச்சு. வாய்க்கரிசித் தட்டு பக்கம் போச்சு. காலை நேரம், விரல் ஒண்ணும் மடங்கல. அரிசியை அள்ளப் பார்த்துச்சு, எல்லாம் சிந்திருச்சு. மறுபடி அள்ளுச்சு, மறுபடி சிந்துச்சு. நான் போய்ப் பிடிச்சேன், தள்ளி விட்டுருச்சு. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து நாலு அரிசியை எப்படியோ ஏந்திக்கிட்டு அத்தை முகத்துக்கிட்ட குனிஞ்சுச்சு.

"அண்ணி, இப்ப நான் சொல்லிரப் போறேன். உங்களால திட்ட முடியாது"ன்னுச்சு.

அப்புறம் நிமிர்ந்து, அந்த ரெண்டு கையையும் கூட்டத்துக்கு நேரா நீட்டிக் காட்டுச்சு. "இந்தக் கையோடதான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். காலையில என்னால ஒரு வாய் சோறு அள்ள முடியாது. இத்தனை வருஷமும் முதல் வாய் எனக்கு ஊட்டினது இவங்கதான்."

கிழவி வாயில கையை வெச்சுக்கிச்சு. சித்தி குனிஞ்சு, அந்த நாலு அரிசியையும் அத்தை வாயில போட்டுச்சு.